வீட்டிலேயே மணிக் கம்மல்: மணி வாங்கும் முன் கம்பியைப் பாருங்கள்

மணிக் கம்மல் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் போய் வாங்குவது மணி. கலர் கலராகச் சரம் தொங்குவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் டப்பா டப்பாவாக மணி இருக்கும், வெளியே போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஜோடி இருக்காது. ஏனென்றால் கம்மல் கெடுவது பெரும்பாலும் மணியில் இல்லை. கொக்கி காதை அரிக்கும், இல்லாவிட்டால் மணியைப் பிடித்திருக்கும் வளையம் வாய் திறந்து மணி பஸ்ஸிலேயே விழுந்துவிடும். இரண்டுமே கம்பி சமாச்சாரம். இதை யாராவது முதலிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் நிறைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால் இங்கே வரிசையை மாற்றித் தருகிறேன்.

விலைகள் நான் வாங்கிய அளவில் சொல்பவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு குத்துமதிப்புக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

1. மூன்று கருவிகள் வாங்குங்கள், நான்காவதை ஒத்திப்போடுங்கள்

வட்ட மூக்குக் குறடு (கடையில் ரவுண்ட் நோஸ் என்று கேளுங்கள்), தட்டை மூக்குக் குறடு, கம்பி வெட்டும் கட்டர். தொடங்க இந்த மூன்றும் போதும். மூன்றும் சேர்ந்து 350 முதல் 600 ரூபாய் ஆகும். ஜம்ப் ரிங் (இரண்டு பாகங்களைக் கோக்கும் சின்ன வளையம்) நிறையப் போடத் தொடங்கியதும் இன்னொரு தட்டைக் குறடு தேவைப்படும். வளையத்தைத் திறக்க இரண்டு கையிலும் ஒவ்வொன்று வேண்டும்.

வீட்டில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் குறடை எடுக்காதீர்கள். அதன் வாயில் பல் இருக்கும், கம்பியில் தழும்பு விழும், முலாம் பூசிய கம்பியாக இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் கறுக்கும். கடையில் குறடைக் கையில் வாங்கி, மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை என்றால் அது வேண்டாம்.

ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் செட்டைவிட, பொற்கொல்லர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்குவது நல்லது. எந்த ஊரிலும் நகைக்கடை வீதியை ஒட்டி அப்படி ஒரு சின்னக் கடை இருக்கும். சென்னை என்றால் சவுகார்பேட்டை. பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, காசி செட்டி தெரு வட்டாரத்தில் மணி, ஹூக், பின் எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் பூட்டுதான். வார நாளில் காலை 11 மணிக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பிவிடுங்கள். சாயங்காலம் அந்தத் தெருக்களில் நின்று மணி பார்க்க முடியாது.

2. கொக்கி: இங்கே கஞ்சத்தனம் கூடாது

காதுக்குள் போகும் ஒரே பொருள் இதுதான். அரிப்பு, நீர் கோத்தல், காது கறுத்துப்போவது போன்ற தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிக்கல்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் துளையிட்ட காதில் போடும் நகையிலிருந்து கசியும் நிக்கல், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் கிலோ கணக்கில் விற்கும் ஹூக்குகளை அப்படி யாரும் அளந்து விற்பதில்லை. நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

முதல் பொறி, ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். மாலைக்கு டாலராகத் தொங்கவிடலாம், காதுக் கொக்கிக்கு வேண்டாம். இரண்டாவது, ‘நிக்கல் ஃப்ரீ’ என்று பாக்கெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர். ஒட்டியவர் யார் என்று பாருங்கள், பல பாக்கெட்டில் பெயரே இருக்காது. மூன்றாவது, காந்தம் வைத்துப் பார்ப்பது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு என்று தெரியும், அவ்வளவுதான். ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, நல்ல ஸ்டீலும் ஒட்டாது.

சரி, எதை வாங்குவது? தொடக்கத்துக்கு 316எல் என்று சொல்லப்படும் சர்ஜிகல் ஸ்டீல். அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் உலோகத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால் மிகக் குறைவாகவே கசியும். பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஜோடி 3 முதல் 8 ரூபாய். அதற்கு மேல் 92.5 வெள்ளி ஹூக். அதன் விலை வெள்ளியோடு ஏறி இறங்கும், அன்றன்றைக்குக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தங்கத்தைத் தவிர எதைப் போட்டாலும் காது புண்ணாகிறவர்களுக்கு டைட்டானியம் ஹூக் ஆன்லைனில் கிடைக்கிறது. சந்தேகமாக இருந்தால் நிக்கல் சோதனைத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், நிக்கல் கசிகிற உலோகமாக இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும்.

கொக்கியில் நெயில் பாலிஷ் தடவிக்கொள்ளலாம் என்று ஒரு வீட்டு யோசனை சுற்றுகிறது. சில நாளில் உரிந்துவிடும். நமக்கென்றால் பரவாயில்லை, விற்கிற பொருளில் அதைச் செய்யாதீர்கள்.

கொக்கியின் தடிமன் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிடத் தடியானால் பலருக்குக் காதில் நுழையாது.

3. பின், வளையம்: பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

ஹெட் பின் என்றால் ஒரு முனை ஆணித்தலை மாதிரி தட்டையாக இருக்கும் கம்பி. கடைசி மணி கீழே விழாமல் அதுதான் தாங்கும். ஐ பின் என்றால் ஒரு முனையில் ஏற்கெனவே வளையம் இருக்கும். அதன் கீழே இன்னொன்றைத் தொங்கவிடலாம். ஜம்ப் ரிங் இரண்டு பாகங்களைக் கோக்கும் சின்ன வளையம். பீட் கேப் மணியின் தலையில் உட்காரும் தொப்பி. மணியின் துளை பெரியதாக இருந்து ஹெட் பின்னின் தலை உள்ளே நழுவினால், கீழே ஒரு கேப்போ மிகச் சின்ன மணியோ போட்டால் நின்றுவிடும்.

கம்பித் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடினால் கம்பி மெலியும். ஹெட் பின்னுக்கு 22 கேஜ், அதாவது சுமார் 0.6 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். 24 கேஜ் வளைக்கச் சுலபம், வாய் திறப்பதும் சுலபம். கடைக்காரர் 24-ஐ எடுத்துக் கொடுத்து ‘எல்லாரும் இதுதான் வாங்கறாங்க’ என்பார். தலையாட்டாதீர்கள்.

4. வளையம் சுற்றப் பழகுங்கள், இங்கே நேரம் செலவழியுங்கள்

இந்த ஒரு வேலைக்கு இரண்டு மூன்று சாயங்காலம் ஒதுக்குங்கள். விலை குறைந்த ஹெட் பின் ஒரு பாக்கெட் நாசமாகட்டும், பரவாயில்லை. மூக்குக் கண்ணாடி போடாதவர்கள் வெட்டும்போது ஏதாவது ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டு எகிறி நேரே முகத்துக்குத்தான் வரும். வெட்டும் முனையை விரலால் பொத்திக்கொண்டு வெட்டுவது இன்னும் நல்லது.

மணியைப் பின்னில் கோத்து, மணியின் தலையை ஒட்டியே கம்பியைச் செங்கோணமாக மடக்குங்கள். மணிக்கும் மடிப்புக்கும் நடுவே இடைவெளி விட்டால் மணி ஆடும். மடக்கிய பிறகு 8 மில்லிமீட்டர் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். இந்த 8 சும்மா சொன்னதில்லை. உள்ளே 2 மில்லிமீட்டர் அகலம் வரும் வளையத்துக்கு, 0.6 தடிமன் கம்பியில் அவ்வளவு நீளம் பிடிக்கும். வட்ட மூக்கின் நுனிப் பக்கம் எந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் தடிமன் வருகிறதோ, அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் அந்தக் கோட்டில் பிடித்தால்தான் எல்லா வளையமும் ஒரே அளவாக வரும்.

கம்பியின் நுனியைக் கோட்டில் பிடித்து, மடக்கிய திசைக்கு எதிராக மணிக்கட்டைச் சுழற்றுங்கள். ஒரே சுற்றில் முடிக்கப் பார்க்காதீர்கள், கை அவ்வளவு திரும்பாது. பாதி சுற்றி, குறடைத் தளர்த்தி, திருப்பிப் பிடித்து, மீதியைச் சுற்றுங்கள். நுனி வந்து மணியின் தலையைத் தொட வேண்டும். வளையம் மணிக்கு நேர் மேலே நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து ஆங்கில ‘P’ மாதிரி நின்றால் முதல் மடிப்பு சரியில்லை என்று அர்த்தம்.

கொக்கியை மாட்ட வளையத்தைத் திறக்கும்போது பக்கவாட்டில் திருகித் திறங்கள், ஒரு முனை நம் பக்கம், இன்னொன்று எதிர்ப்பக்கம். இரண்டு முனையையும் விலக்கி அகட்டினால் வட்டம் போய்விடும், மூடினாலும் பழைய உருவம் வராது. வெளியே நடக்கும்போது மணி விழுந்துபோவதற்குப் பெரும்பாலும் இந்த அகட்டல்தான் காரணம். ஜம்ப் ரிங்குக்கும் இதே விதி. மூடியபின் விரல் நகத்தை இணைப்பின் மேல் ஓட்டுங்கள். நகம் சிக்கினால் அங்கே சந்து இருக்கிறது.

கனமான மணிக்கு வளையத்தோடு நிறுத்தாமல், 3 முதல் 4 சென்டிமீட்டர் கம்பி விட்டு, வளையத்துக்குக் கீழே கழுத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வெட்டிவிடுங்கள். அது திறக்கவே திறக்காது. ஆனால் கம்பியைச் சுற்றும் முன்பே கொக்கியை மாட்டியிருக்க வேண்டும். பிறகு மாட்டுவதென்றால் கொக்கியின் வளையத்தைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜம்ப் ரிங் போட வேண்டும்.

5. இப்போது மணி வாங்கலாம்

பாசிமணி போன்ற குட்டிக் கண்ணாடி மணிகளுக்கு அளவு எண் உண்டு. 8/0 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், 11/0 சுமார் 2, 15/0 சுமார் 1.5. இங்கேயும் எண் கூடினால் மணி சின்னது. உள்ளூர் பாக்கெட்டில் ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் குண்டு, ஒல்லி, கோணல் எல்லாம் கலந்து வரும். விலை குறைவு. கம்பியில் கோக்கும் தொங்கலுக்கு அது போதும். ஊசி நூலில் பின்னுவதற்கு மணிகள் ஒரே அளவாக இருந்தே ஆக வேண்டும். அதற்கு மியுகி, டோஹோ போன்ற ஜப்பானிய மணிகள், அல்லது செக் நாட்டு பிரெசியோசா. 10 கிராம் நூறு ரூபாய்க்கு மேல் போகும். உள்ளூர் மணியை வாங்கிப் பொறுக்கி எடுத்துப் பின்னலாம் என்று தோன்றும். பொறுக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஜப்பான் மணியே மலிவு.

சாயம் போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கலரிலும் நாலு மணியை வெள்ளைத் துணியில் முடிந்து இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். இன்னும் நாலை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேயுங்கள். பஞ்சில் கலர் ஏறினால் வியர்வையிலும் ஏறும். முத்து மாதிரி பளபளக்கும் விலை குறைந்த மணிகளில் மேல்பூச்சு துளைப் பக்கம் உரிகிறதா என்று கவனியுங்கள். சிவப்பு, ஊதா, ரோஸ் கலர்கள்தான் அதிகம் ஏமாற்றும்.

அப்புறம் எடை. செய்து முடித்ததை ஒரு கிராம் காட்டும் சமையல் தராசில் போடுங்கள். ஒரு காதுக்கு 5, 6 கிராமைத் தாண்டினால் நாள் முழுக்கப் போட முடியாது. பெரிய கல் மணிகளை ஆசைப்பட்டு வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மணியை மூடி இறுகும் டப்பாவில் போட்டு மேலே வையுங்கள். தரையில் சிந்தினால் பெருக்காதீர்கள், வாக்யூம் குழாயில் ஒரு பழைய சாக்ஸைக் கட்டி உறிஞ்சினால் எல்லாம் சாக்ஸில் வந்து நிற்கும்.

6. முதல் ஜோடி: ஒற்றைத் தொங்கல்

ஹெட் பின், ஒரு கேப், 8 அல்லது 10 மில்லிமீட்டர் மணி, இன்னொரு கேப், மேலே ஒரு குட்டி மணி, வளையம், கொக்கி. அவ்வளவே. இதையே வேறு வேறு மணியில் பத்து ஜோடி செய்யுங்கள். இரண்டு காதுக்குமானதைப் பக்கத்தில் தொங்கவிட்டு நீளம் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கையில் தெரியாது, கண்ணாடியில் தெரியும்.

7. இரண்டாவது: ஊசி நூலில் டைமண்ட் (சாய்சதுர வடிவம்)

இதற்குப் பிரிக் ஸ்டிட்ச் என்று பெயர், செங்கல் அடுக்குகிற மாதிரி வரிசை மாறி உட்காரும். 11/0 மணி, 10 அல்லது 12-ஆம் எண் மணி ஊசி, நைலான் நூல் ஒரு கைவீச்சு நீளம். தங்கூசி நரம்பு (தூண்டிலுக்குக் கட்டும் ஒற்றை இழை) வேண்டாம். முடிச்சு நழுவும், பின்னல் விறைத்துக்கொண்டு நிற்கும்.

முதலில் ஏணி. இரண்டு மணி கோத்து, முதல் மணியின் அடியிலிருந்து மறுபடி ஊசியை விட்டு இழுத்தால் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். அடுத்து இரண்டாவதன் வழியே இறங்கி, மூன்றாவதைச் சேருங்கள். இப்படி 9 மணி. இதுதான் நடு வரிசை. இரண்டு மணிக்கு நடுவே மேலே தெரியும் நூலைப் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்கு 8 பாலம்.

அடுத்து வரும் வரிசைகளை, கடைசி ஒற்றை மணியைத் தவிர, எப்போதும் இரண்டு மணியோடு தொடங்குங்கள். இரண்டையும் கோத்து, ஊசியை இரண்டாவது பாலத்துக்கு அடியில் விட்டு, இரண்டாவது மணியின் வழியே மேலே எடுங்கள். முதல் மணி சாயும். அதன் வழியே கீழே இறங்கி, இரண்டாவதன் வழியே மறுபடி ஏறினால் நிமிரும். பிறகு பாலத்துக்கு ஒரு மணி. வரிசை முடிந்து எண்ணினால் 8 இருக்க வேண்டும். 9 இருந்தால் முதல் பாலத்தில் விட்டிருக்கிறீர்கள், அவிழுங்கள். இப்படியே 7, 6 என்று ஒன்றுவரை குறைத்து, திருப்பிப் பிடித்து மறுபக்கமும் அதே மாதிரி. மொத்தம் 81 மணி. உச்சியில் நாலைந்து மணியால் ஒரு சின்ன வளையம் கட்டி, நூலை அதில் மூன்று முறை ஓட்டிப் பலப்படுத்திக் கொக்கியை மாட்டுங்கள்.

11/0-இல் கிராமுக்குச் சுமார் 110 மணி வரும். ஜோடிக்கு 162 மணி, உச்சி வளையத்தோடு ஒன்றரை கிராம். 10 கிராம் பாக்கெட்டில் ஆறு ஜோடி தேறும். காதில் கனமே தெரியாது, டைமண்டின் பெரிய லாபம் அதுதான்.

நூலைத் தீயில் சுட்டு முடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பக்கத்து நூலும் சேர்ந்து உருகும். வால் நூலை நாலைந்து மணிக்குள் குறுக்கும் மறுக்கும் ஓட்டி வெட்டினால் போதும்.

8. கணக்கு

டைமண்ட் ஜோடிக்கு மணி, ஹூக், நூல், அட்டை, கவர் எல்லாம் சேர்த்து 50 ரூபாய்க்குள் முடியும். பழகிய கைக்கு ஒன்றரை மணி நேரம். புதுக் கைக்கு அரை நாள் போகும். ஒற்றைத் தொங்கலுக்குச் சாமான் 25 ரூபாய், பேக்கிங்கோடு கால் மணி நேரம். டைமண்டை 150-க்கு விற்றால் ஒரு மணி நேரத்துக்கு எழுபது ரூபாய்க்குக் கீழே நிற்கும். தொங்கலை 80-க்கு விற்றால் ஒரு மணி நேரத்துக்கு இருநூறுக்கு மேல். பார்க்கிறவர்கள் ஆசைப்படுவது டைமண்டுக்கு, காசு தருவது தொங்கல். இரண்டையும் வைத்திருங்கள். டைமண்டுக்கு 250-க்குக் குறைத்துச் சொல்லாதீர்கள். ‘மணிதானே’ என்பவர்களிடம் வாதாடவும் வேண்டாம்.

9. விற்கப் போகிறீர்களா? காகித வேலை

தெரிந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்திலும் விற்க எந்தப் பதிவும் தேடி ஓட வேண்டாம். கொஞ்சம் பெரிதானால் இவை:

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார், அதோடு இணைத்த போன், பான் எண் இருந்தால் மத்திய அரசின் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். எந்த ஆவணமும் ஏற்ற வேண்டாம், கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். தேடும்போது மேலே வரும் பல தளங்கள் அரசுத் தளம் போலவே வேஷம் போட்டு ஆயிரக்கணக்கில் கேட்கும். முகவரியின் முடிவில் gov.in இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அது 20 லட்சம். பெரிய ஆன்லைன் சந்தைகளில் விற்க முன்பு கட்டாயம் பதிவு வேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஒரே மாநிலத்துக்குள் விற்கும் சிறு விற்பனையாளர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் பான் கொடுத்து ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். வெளி மாநிலத்துக்கு விற்பது என்றால் விதி வேறு. அதற்கு முன் ஓர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் பாக்கெட்டின் மேல் உங்கள் பெயர், முகவரி, ‘1 ஜோடி’ என்ற அளவு, தயாரித்த மாதம், வரி உட்பட விலை, புகாருக்குத் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். இதெல்லாம் அச்சிட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் போதும்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறவர்கள் கலெக்டர் ஆபீஸில் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கண்காட்சி, கல்லூரிச் சந்தை போன்ற இடங்களில் குழுக்களுக்கு ஸ்டால் ஒதுக்குவார்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் போய்க் கேட்டால் இடம் முடிந்திருக்கும். அதற்கும் முன்பே பெயர் கொடுத்து வையுங்கள்.

10. அனுப்புவது

அட்டையில் குத்திய கம்மலைக் கவரில் மட்டும் போட்டு அனுப்பினால் ஹூக் நசுங்கித்தான் போய்ச் சேரும். தீப்பெட்டி அளவாவது ஒரு கெட்டி அட்டைப் பெட்டி வேண்டும். தபாலில் ரிஜிஸ்டர் போஸ்ட் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அதனால் பழைய விலையை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் தபால் செலவு சொல்லாதீர்கள். பெட்டியைக் கவுண்டரில் ஒரு தடவை எடை போட்டு, உள்ளூருக்கு எவ்வளவு, வெளியூருக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவில் அளவு தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள், நீளத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள், ஹூக் என்ன உலோகம் என்பதையும் எழுதுங்கள். காதில் போடும் பொருள் என்பதால் திருப்பி எடுப்பதில்லை, உடைந்து வந்தால் மாற்றித் தருகிறோம் என்பதைக் காசு வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெட்டியை ஒட்டும் முன் இரண்டு கொக்கியையும் ஒரு மெல்லிய பட்டுத் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் முனையில் பிசிர் இருக்கிறது, நகம் தேய்க்கும் அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அனுப்புங்கள்.